கோடியக்கரையில் எங்கே பார்ப்பது?

"கோடியக்கரை வரைக்கும் போனோம், ஒன்றும் கண்ணில் படவில்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். மழை ஓய்ந்த சரியான பருவத்தில்தான் போயிருப்பார்கள், பைனாகுலரும் கையில் இருந்திருக்கும். வேனை நிறுத்தி இறங்கி, அகலமான சேற்று வெளியை ஒரு சுற்றுப் பார்த்திருப்பார்கள். தூரத்தில் ஏதோ புள்ளிகள் தெரிந்திருக்கும். "கொக்குதான் போல" என்று ஏறி வந்துவிட்டார்கள். பறவையைத் தேடுகிறவர் முதலில் அதற்குச் சாப்பாடு கிடைக்கும் இடத்தைத் தேட வேண்டும். அது பிடிபட்டுவிட்டால், அங்கே எந்தப் பறவை நிற்கும் என்பதைப் பார்க்கும் முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்வோம். வடக்கிலிருந்து இறங்கி வரும் சோழமண்டலக் கரை நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பம்தான் கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. 1967இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். 2002இல் சுற்றியுள்ள சதுப்பையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதி முதலில் கிடைத்தது இதற்குத்தான். இந்தப் பரப்புக்குள் பாலை மரம் நிறைந்த வறண்ட பசுமைக்காடு இருக்கிறது, மான் மேயும் புல்வெளி இருக்கிறது. வேதாரண்யம் சதுப்பு, உப்பளங்கள், மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் இதற்குள் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குடிகள்.

சதுப்பிலிருந்து தொடங்கலாம். அங்கே போய் நின்றதும் தண்ணீரின் ஆழத்தைக் கவனியுங்கள். ஈரம் மட்டும் மின்னும் சேற்று விளிம்பில் குட்டையான காலும் குட்டையான மூக்கும் உள்ளவை ஓடிக்கொண்டிருக்கும். கொசு உள்ளான் அப்படிப்பட்டது. முப்பது கிராம்கூடத் தேறாத உடம்பு, நிமிடத்துக்கு எத்தனை முறை கொத்துகிறது என்று எண்ண முடியாத வேகம். பக்கத்திலேயே உப்புக்கொத்திகள் நிற்கும். அவை பெரிய கண்ணை நம்பிப் பிழைப்பவை. நாலு அடி ஓடும், நிற்கும், பார்க்கும், சட்டென்று கொத்தும். ஓடி நின்று ஓடுகிற பறவை உப்புக்கொத்தி, தையல் மெஷின் ஊசிபோல விடாமல் குத்திக்கொண்டே போவது உள்ளான். இந்த ஒன்று தெரிந்தாலே அந்தப் புள்ளிகள் இரண்டாகப் பிரிந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே, கணுக்கால் ஆழத்தில், பவளக்கால் உள்ளானும் வளைமூக்கு உள்ளானும். முழங்கால் ஆழத்தில் கருவால் மூக்கன் நீளமான நேர் மூக்கை முகம் நனையும் வரை சேற்றில் இறக்கும். சேற்றுக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. இவற்றின் மூக்கு நுனியில் நுண்ணிய நரம்பு முனைகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. புழு அசையும் அதிர்வையும் அழுத்தத்தையும் மூக்கே உணர்ந்துகொள்ளும். முழு வாயையும் சேற்றுக்குள் திறப்பது கடினம் என்பதால், நுனியை மட்டும் திறந்து இரையைப் பிடித்து இழுக்கும் வசதியும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் பெரிய பறவை ஒன்று, கீழ்நோக்கி அரிவாளாய் வளைந்த நீண்ட மூக்கோடு தனியே நடந்தால், அது கோட்டான். அதை மட்டும் பத்து நிமிடம் விடாமல் பாருங்கள். நண்டு வளை வளைந்துதான் போகும், அதற்கேற்ற மூக்கு. நண்டைப் பிடித்து வெளியே இழுத்ததும் விழுங்கிவிடாது. காலைப் பிடித்து உதறும். ஒவ்வொரு காலாகக் கழன்று விழும். பிறகு உடலைத் தூக்கி விழுங்கும். விழுந்த கால்களையும் சில சமயம் பொறுக்கும். ஒரே சேற்றில் ஆயிரம் பறவை சண்டையில்லாமல் மேய்வதன் ரகசியம் இதுதான். மேல்தளம் ஒருவருக்கு, ஓர் அங்குலம் கீழே இன்னொருவருக்கு, அரையடி ஆழம் வேறொருவருக்கு.

இங்கே ஓதத்தின் ஏற்றவற்றம் அதிகமில்லை. ஆழம் குறைந்த தண்ணீரைக் காற்றுதான் பெரும்பாலும் இங்கும் அங்கும் தள்ளுகிறது. காலையில் தண்ணீர் நின்ற இடம் மாலையில் வெறும் சேறாகலாம். பறவைகளும் அதன் பின்னாலேயே நகரும். ஆகவே "நேற்று இங்கே இருந்தன" என்ற தகவலை நம்பிப் போவதைவிட, இன்று தண்ணீர் விளிம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து உப்பு. வேதாரண்யம் என்றதும் 1930இல் ராஜாஜி நடத்திய உப்பு சத்தியாகிரகம் நினைவுக்கு வரும். அந்த உப்பளத்துக்குப் பறவைகளோடும் நெருங்கிய தொடர்பு உண்டு. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் வற்றவைக்கிறார்கள். முதல் தேக்கத்தில் மீன் இருக்கும், அதனால் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஆலாவும் அங்கே வரும். உப்பு பல மடங்கு ஏறிய பாத்தியில் மீன் பிழைக்காது. ஆனால் அந்த உவரில்தான் உப்பு இறாலும் நுண்பாசியும் கோடிக்கணக்கில் பெருகும். மீன் தின்னும் போட்டியாளர் இல்லாத அந்த விருந்துக்கு வருவது பூநாரை.

பூநாரை தின்பதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு நேரம் போவதே தெரியாது. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீரில் வைக்கும். நாக்கு முன்னும் பின்னும் நொடிக்குப் பலமுறை ஓடித் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல்போல வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகள் தண்ணீரை விட்டுவிட்டு இரையை நிறுத்திக்கொள்ளும். சில பறவைகள் நின்ற இடத்திலேயே காலால் மிதித்து மிதித்துச் சுற்றும். அடிச்சேறு கலங்கினால் இரை மேலே வருமே, அதற்குத்தான். அந்த இளஞ்சிவப்பும் சாப்பாட்டில் வந்ததுதான். பாசியிலும் அதைத் தின்ற இறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் இறகில் சேர்கின்றன. சாம்பலும் வெள்ளையுமாக ஒரு பூநாரை நின்றால் நோய் என்று நினைக்க வேண்டாம், அது இன்னும் நிறம் ஏறாத இளம் பறவை.

இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன? இந்தியாவில் பூநாரைகள் கூட்டமாக முட்டையிடும் பெயர்பெற்ற இடம் குஜராத்தின் கட்ச் ரண். வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், பனி உருகும் துருவச் சமவெளியில். அங்கே கோடை சில வாரங்கள்தான். குஞ்சு பொரித்ததும் கிளம்பிவிடும். இங்கே வடகிழக்குப் பருவமழை சதுப்பை நிரப்புவதும் அவை வந்து இறங்குவதும் ஒரே பருவத்தில் நடக்கின்றன. மழை நின்று தை, மாசியில் தண்ணீர் மெல்ல வற்ற வற்ற, புதிய சேற்று விளிம்பு தினமும் திறக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதையெல்லாம் ஊகமாகச் சொல்லவில்லை. பறவையியலாளர் சாலிம் அலி காலத்திலிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளை வலையில் பிடித்து, எடை பார்த்து, காலில் எண் பொறித்த வளையம் போட்டு விடுவித்து வருகிறார்கள். வளையத்தோடு ஒரு பறவை இறந்து கிடப்பதைக் கண்டால், எண்ணைக் குறித்துப் படமெடுத்து அவர்களுக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள். ஓர் எண் ஒரு பயணத்தையே சொல்லிவிடும்.

காட்டுக்குள் நுழைந்தால் விதி மாறுகிறது. அங்கே கண்ணைவிடக் காது முக்கியம். புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் இறங்கி வரும். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால். நிறம் இத்தனை இருந்தும் உதிர்ந்த இலைக்குள் தத்தி நடக்கும்போது கண்ணில் சிக்காது. விடியும் வேளையிலும் பொழுது சாயும் வேளையிலும் இரட்டை விசில் கொடுக்கும், அப்போதுதான் இருக்கும் இடம் தெரியும். அந்த இரண்டு நேரமும் நடையை நிறுத்தி நில்லுங்கள்.

புல்வெளியில் வெளிமான். கொம்பு கிடாவுக்குத்தான், திருகித் திருகி மேலே போகும். வயது ஏற ஏறக் கிடாவின் முதுகு கருக்கும். பெட்டை கடைசிவரை பழுப்புதான். கறுத்த கிடா ஒன்று தனியாக ஓரிடத்திலேயே நின்றால், அது அதன் எல்லை. ஒரே இடத்தில் புழுக்கை குவித்து வைத்திருக்கும். கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியைக் குச்சியிலும் புல்லிலும் தேய்த்து அடையாளம் வைக்கும். புள்ளிமான் ஆபத்து வந்தால் புதருக்குள் ஒளியும், வெளிமானோ திறந்த வெளியில் தூரத்திலேயே எதிரியைக் கண்டு ஓடிப் பிழைக்கும். அதற்குக் கண்ணுக்கு எட்டும் வெளி வேண்டும்.

அந்த வெளிதான் சுருங்குகிறது. சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் புகுந்து அடைத்துக்கொள்கிறது. அதன் காயைத் தின்னும் மாடும் காட்டுக் குதிரையும் சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. குதிரைகள் மானின் புல்லிலும் பங்கு கேட்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. காடு முறிந்தது, மான்கள் மாண்டன. புயலைத் தடுக்க நம்மால் ஆகாது. கருவேலத்தை அகற்றிப் புல்லைக் காப்பது நம் கையில் இருக்கிறது, அதைத் தொடர்ந்து செய்தே ஆக வேண்டும்.

நீங்கள் போகும்போது கடைப்பிடிக்க வேண்டியவை சில உண்டு. வனத்துறையின் அனுமதி வாங்கி, வழி தெரிந்த உள்ளூர்க்காரரோடு போங்கள். சதுப்பில் இறங்காதீர்கள். பொன்னியின் செல்வனில் கல்கி கோடிக்கரைச் சேற்றை ஆளை விழுங்கும் சேறாகக் காட்டியது கதைக்காக மட்டுமல்ல. குட்டி வெளிமான் பிறந்த முதல் நாட்களில் புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும், ஆகவே பாதையை விட்டு விலகாதீர்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். கடற்கரையில் இரவில் டார்ச், போன் வெளிச்சம் வேண்டாம். முட்டையிட வந்த ஆமை திரும்பிவிடும், குஞ்சுகள் கடல் இருக்கும் திசையைத் தவறவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். வளைமூக்கு உள்ளான் சித்திரைக்குள் உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். அதுதான் சைபீரியா வரைக்கும் அதற்கு எரிபொருள். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது. மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் தலையைத் தூக்கிப் பார்த்தால், அதற்கு மேல் ஓர் அடிகூட வைக்க வேண்டாம்.

கோடியக்கரை தூரம் என்றால், உங்கள் ஊர் ஏரியிலோ கழிமுகத்திலோ இதே பாடத்தைத் தொடங்கலாம். எங்கே முழங்கால் ஆழம், எங்கே சேறு, எங்கே உவர் என்று முதலில் பாருங்கள், பிறகு பறவையைப் பாருங்கள். தை மாதம் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் நின்று எண்ணினாலும் போதும், யாரும் சேரலாம். நம் கரையோரச் சேற்றையும் உவர்நிலத்தையும் "சும்மா கிடக்கும் இடம்" என்று சொல்லி மண் கொட்டி நிரப்பக் கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அங்கே என்ன வாழ்கிறது என்று பெயரோடும் எண்ணிக்கையோடும் சொல்ல ஊருக்குப் பத்துப் பேராவது வேண்டும். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக நீங்கள் இருங்கள்.