மின்மாற்றியும் கே.வி.ஏ.யும்

தெருவோர மின்மாற்றியின் பெயர்த்தகட்டில் '100 கே.வி.ஏ.' என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிலோவாட் என்று ஏன் குறிக்கவில்லை?

கம்பிச்சுருளைச் சூடாக்குவது அதில் ஓடும் மின்னோட்டம். மோட்டார்கள், வேலை செய்யத் தேவையான மின்னோட்டத்துடன் காந்தப்புலத்தை உண்டாக்கவும் மின்னோட்டத்தை இழுக்கின்றன. கிலோவாட் முதலாவதை மட்டுமே கணக்கில் கொள்ளும்; கே.வி.ஏ. இரண்டையும் உள்ளடக்கும். கிலோவாட்டைக் கே.வி.ஏ.யால் வகுத்தால் கிடைப்பது திறன் காரணி.

ஒரு தொழிற்கூடத்தின் மின்பளு 100 கிலோவாட், திறன் காரணி 0.8 எனக் கொள்வோம். 100-ஐ 0.8-ஆல் வகுத்தால் 125 கே.வி.ஏ. ஆகவே, 100 கே.வி.ஏ. மின்மாற்றியில் அளவுக்கு மேல் 1.25 மடங்கு மின்னோட்டம் பாயும். சுருளில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் ஏறக்குறைய 1.56 மடங்காகும். இந்நிலை நீடித்தால் சுருளின் காப்புப்பொருள் கெட்டு, மின்மாற்றி எரிந்துபோகலாம்.

இன்று மின்மாற்றியின் அளவைக் கணிப்பொறி நிரலே நொடியில் கணக்கிட்டுத் தருகிறது. ஆனால் கே.வி.ஏ. கேட்கும் கட்டத்தில் நாம் கிலோவாட்டை இட்டுவிட்டால், 100 கே.வி.ஏ. மின்மாற்றியே போதும் என்றுதான் அது விடையளிக்கும். எண் மட்டுமே அதற்குத் தெரியும். அலகைச் சரிபார்ப்பது நம் பொறுப்பே.