போ என்றால் எங்கே போவது?

தேயிலைத் தோட்டத்தில் ஆளில்லாத தொழிலாளர் லயத்தைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். தகரக் கூரைக்கு மேலே புகை எழும்பாது. கிட்டப் போனால் இஸ்தோப்பில் முழங்கால் உயரத்துக்குப் புல். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்பிருந்த மூலை மட்டும் இன்னும் கருத்துக் கிடக்கும். பின்பக்கம் யாரோ நட்டுவைத்த கொய்யாமரம் பறிக்க ஆளில்லாமல் காய்த்து உதிர்க்கும்.

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இந்த வெறுமை புதிதல்ல. 1948 இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. போகாமல் இருந்தவர்களின் பிள்ளைகளும் பின்னர் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டு வீட்டு வேலைக்கும் போனார்கள். அப்படிக் காம்பரா காம்பராவாகக் காலியான லயங்கள் பல.

மீரியாபெத்தை லயங்களோ ஒரே காலையில் இல்லாமல் போயின. 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. கொஸ்லாந்தைக்கு மேலே, பல நாள் மழையில் ஊறிப்போன மலை, ஏழரை மணியளவில் சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பி வர வீடுமில்லை, பெற்றோருமில்லை. பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். “சொல்லியும் ஏன் போகவில்லை?” என்று அன்று பலர் கேட்டார்கள். எங்கே போவது? நிலம் அரசினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் பெயரில் ஒரு பேர்ச் காணியும் இருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து உறவினர் வீடும் அதே பத்துக்குப் பன்னிரண்டு காம்பராதான். போவதற்கு இடம் காட்டாமல் எழும்பிப் போ என்று மட்டும் சொல்வது எச்சரிக்கை ஆகாது. பழியை அந்த மக்கள் தலையிலேயே கட்டுவதாகும்.

தப்பியவர்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் பழைய தேயிலை ஸ்டோரில் முடங்கிக் கிடந்தார்கள். 2016 ஒக்டோபரில் மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. மனம் வைத்தால் நிலமும் கிடைக்கும், வீடும் எழும்பும் என்பதற்கு அதுவே சாட்சி. அதற்கு ஏன் ஒரு லயமே மண்ணுக்குள் போக வேண்டியிருந்தது? 2023 மார்ச்சில் அதே வட்டாரத்தில், பூனாகலை கபரகலைத் தோட்டத்தில், மறுபடியும் மண் சரிந்து லயங்கள் உடைந்தன.

மழைக்காலம் வரும்போதெல்லாம் ஊவா மலைகளில் தாய்மார் இரவில் உறங்காமல் மேட்டுப் பக்கம் காது கொடுத்துக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த எச்சரிக்கைக் கடிதம் வரும்போது கூடவே ஏழு பேர்ச் காணியின் உறுதியும் வரவேண்டும். கொய்யாக் கன்றை எங்கே நடுவது என்று தெரிந்தால், அவர்கள் தாமாகவே எழுந்து போவார்கள்.