அன்று பூணூலும் சிலுவையும், இன்று டீசர்

1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’யின் கடைசிக் காட்சியை பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அறுபது தாண்டிய பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். கதை மறந்திருக்கும், பாட்டுகூடப் பாதி மறந்திருக்கும். விச்சு பூணூலை அறுத்து எறிந்ததும் மேரி கழுத்துச் சிலுவையைக் கழற்றிப் போட்டதும் மட்டும் மறந்திருக்காது. பாரதிராஜா எடுத்த படம். கார்த்திக்குக்கும் ராதாவுக்கும் அதுதான் முதல் படம். பாட்டுக் கற்றுக்கொள்ள வந்த கிறிஸ்தவப் பெண்ணுக்கும் பாட்டு டீச்சரின் பிராமணப் பிள்ளைக்கும் காதல் என்பதுவரை ஊர் தாங்கிக்கொண்டது. இரண்டு பக்கத்து ஆட்களும் கூடி நிற்கும்போது, இரண்டு மதத்தின் அடையாளத்தையும் மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு பையனும் அவனுக்கு ஏற்ற வயதில் ஒரு பெண்ணும் கடற்கரையில் எறிந்துவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் பகுதியில் இது கூடுதலாகச் சுட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, கேஜிஎஃப் பக்கமிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஏரியா இது. ஒரே வரிசையில் ஒரு வீட்டு வாசலில் ஸ்டார் தொங்கும், அடுத்த வீட்டில் மாவிலைத் தோரணம். கிறிஸ்மஸ் கேக்கும் பொங்கலும் சுவர் தாண்டிப் போய்வரும்; பெண் மட்டும் போகக்கூடாது. “இன்னாடி இது, சாமியவே கழட்டிப் போட்டுட்டாளே” என்று என் பெரியம்மா தியேட்டரிலேயே வாய்விட்டுச் சொன்னாராம். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்களாம். அந்த விசிலைத்தான் பெரியம்மாவால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

அதே வருஷம் ‘பன்னீர் புஷ்பங்க’ளும் வந்தது. சந்தானபாரதியும் பி. வாசுவும் சேர்ந்து இயக்கியது. ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடம், சீருடைக் காதல். அதற்கு இங்கே யாரும் பெரிதாக அதிரவில்லை. ஊட்டி கான்வென்ட் பிள்ளைகள் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. மேரி மாதிரி ஒருத்தி அடுத்த வீட்டிலேயே இருந்தாள், அதுதான் விஷயம்.

அன்று படம் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். செயின்ட் ஜான்ஸ் சாலையில் லாவண்யா, மாருதி சேவா நகர் பக்கம் முகுந்தா, ஃப்ரேசர் டவுனில் எவரெஸ்ட், கொஞ்சம் தள்ளிப் போனால் சிவாஜிநகரில் எல்ஜின். எல்லாம் நடக்கிற தூரம், இல்லாவிட்டால் ஒரே பஸ். தியேட்டருக்கு அனுப்பாத வீடுகளில் வீடியோ டெக். டிவியும் டெக்கும் ராத்திரிக்கு வாடகைக்கு வரும், கூடவே மூன்று கேசட். முதலில் சாமி படம், நடுவில் சிவாஜி அல்லது ரஜினி, பெரியவர்கள் கண் அசந்ததும் நமக்கு வேண்டியது. டெக்கின் பக்கத்தில் உட்காருகிறவர் மாமாவோ சித்தப்பாவோ, அவர்தான் அந்த வீட்டுச் சென்சார் போர்டு. நெருக்கமான காட்சி வந்தால் விரல் ஃபார்வர்டு பட்டனுக்குப் போகும். படம் கோடு கோடாக ஓடும். கோடுகளுக்கு நடுவில் கார்த்திக்கும் ராதாவும் எறும்பு மாதிரி விறுவிறுவென்று ஒருவரை ஒருவர் நெருங்கி, விலகி, மறுபடி நெருங்குவது நன்றாகவே தெரியும். ஓட்டிவிட்டதாக மாமா நினைத்துக்கொள்வார். பார்க்கவில்லை என்று நாங்களும் முகத்தை வைத்துக்கொள்வோம்.

பெங்களூர்த் தமிழனுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ்ப் படம் எந்த நேரத்தில் நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். 2000இல் வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திப் போய் 108 நாள் வைத்திருந்தபோது தியேட்டர் வாசல்களில் தமிழ் போஸ்டரைப் பார்க்க முடியவில்லை. 2004இல் கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை, பிற மொழிப் படங்கள் ஏழு வாரம் கழித்துத்தான் இங்கே வரலாம் என்று ஒரு கட்டுப்பாடு போட்டது. ஆசை அடங்காதவர்கள் ஓசூருக்குப் பஸ் ஏறினார்கள். மற்றவர்களுக்குக் கதை ரயிலில் வந்தது. ஜோலார்பேட்டையில் ஏறி கன்டோன்மென்ட்டில் இறங்கும் சொந்தக்காரர், மாம்பழக் கூடையோடு படத்தின் கதையையும் இறக்குவார். ஆனால் ஒரு நாகரிகம் இருந்தது. “கடைசில ஒண்ணு இருக்கு, அத நான் சொல்ல மாட்டேன், நீயே போய்ப் பாரு” என்று நிறுத்திக்கொள்வார். யூடியூபில் ‘முடிவு விளக்கம்’ போடுகிறவர்கள் அந்த மனிதரிடம் பாடம் படித்திருக்கலாம்.

பிறகு 2002. ‘துள்ளுவதோ இளமை’. மே மாதம், பரீட்சை முடிந்த நேரம். தனுஷ் என்று ஒரு ஒல்லிப் பையனுக்கு முதல் படம், யுவன் சங்கர் ராஜா பாட்டு. கதாநாயகி ஷெரின் நம் பெங்களூர்ப் பெண் என்பதில் எங்கள் செட்டுக்குத் தனிப் பெருமை. ஆறு பள்ளிப் பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடிப்போகிறார்கள். போகிற இடத்தில் பயமும் ஆசையும் சேர்ந்தே வருகின்றன. பூணூல், சிலுவை விவகாரம் எதுவும் இல்லை. அதிர்ச்சி முழுக்க உடம்பைப் பற்றியது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு உடம்பு உண்டு, அது கேள்வி கேட்கும் என்று திரையில் ஒருவர் சொன்னதே பெரியவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு அப்போது பதினாறு. படத்தில் வந்த அம்மா அப்பாக்களைப் பார்த்துத்தான் எனக்கு அதிர்ச்சி. எங்கள் தெருவிலேயே பாதி வீடு அப்படித்தான் இருந்தது.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஷங்கரின் ‘பாய்ஸ்’. ஐந்து பையன்கள், ஒரு பெண், சுஜாதா வசனம். ஆனந்த விகடன் விமர்சனத்தை ஒரே சொல்லில் முடித்தது: ‘சீ!’ தமிழ்ப் பத்திரிகை உலகில் அவ்வளவு சுருக்கமான விமர்சனம் வேறு இருக்கிறதா தெரியாது. நான் ‘பாய்ஸ்’ பக்கம் பேச வரவில்லை. அதில் அதிர்ச்சியைவிட அதிர்ச்சி கொடுக்கும் ஆசைதான் தூக்கலாக இருந்தது. ஆனால் அதே ஷங்கர் மறு வருஷம் தயாரிப்பாளராக என்ன செய்தார் என்று பாருங்கள்.

2004 டிசம்பர், ‘காதல்’. பாலாஜி சக்திவேல் இயக்கம். மதுரையில் டூவீலர் மெக்கானிக் முருகன், வசதியான சாதிக்கட்டுள்ள வீட்டுப் பள்ளி மாணவி ஐஸ்வர்யா. சென்னைக்கு ஓடுகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். நல்ல வார்த்தை பேசித் திரும்பக் கூட்டிவந்து அவனை அடித்து நொறுக்குகிறார்கள். அவன் உயிர் பிழைக்கட்டும் என்று அவள் தாலியை விட்டுக்கொடுக்கிறாள். அத்தோடு முடிந்திருந்தால் இன்னொரு சோகப்படம். சில வருஷம் கழித்துக் கணவனோடும் குழந்தையோடும் போகிறவள், சிக்னலில் சடை பிடித்த தலையும் அழுக்கு உடம்புமாக ஒருவனைப் பார்க்கிறாள். முருகன். (முடிவைச் சொல்லிவிட்டேன், ஜோலார்பேட்டைக்காரர் மன்னிக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலான படம்.)

அந்தக் காட்சியில் அலறும் இசையோ துப்பாக்கியோ தேவைப்படவில்லை. ஹென்னூர் சாலையில் வரிசையாக இருந்த மெக்கானிக் ஷெட்டுகளில் ஸ்பானரும் கையுமாக நின்ற பையன்கள் எல்லோரும் முருகன்கள். அவர்கள் கும்பலாகப் படத்துக்குப் போனார்கள். திரும்பி வரும்போது கும்பல் இருந்தது, சத்தம் இல்லை. அதில் ஒருவன் பல நாள் பெட்ரோலில் கை கழுவிக்கொண்டே இருந்தான், யாரிடமும் பேசவில்லை. அவனுக்கு என்ன கதை இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

அமெரிக்காவில் பதின்பருவப் படங்களில் வரும் அதிர்ச்சிக்கு 1976இல் வந்த ‘கேரி’யைச் சொல்வார்கள். பள்ளி விழா மேடையில் ஒரு பெண்ணின் தலையில் பன்றி ரத்தம் கொட்டுகிறது, கடைசியில் சமாதியிலிருந்து கை ஒன்று நீள்கிறது. நாற்காலியிலிருந்து துள்ளவைக்கும் காட்சிதான். துள்ளியபின் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடலாம். ‘காதல்’ அப்படி விடுவதில்லை. அதற்கு ஈடாக இந்தியாவில் ஒன்றைச் சொல்வதென்றால் 2016இல் நாகராஜ் மஞ்சுளே மராத்தியில் எடுத்த ‘சைராட்’. ஓடிப்போய்ப் பிழைத்து, குழந்தையும் பெற்றபின் பெண்ணின் வீட்டார் வருகிறார்கள். கடைசியில் தத்தித் தத்தி நடக்கும் அந்தக் குழந்தையின் காலடித்தடம் ரத்தத்தில் பதிகிறது, ஒலியே கிடையாது. அதே ரிங்கு ராஜ்குருவை வைத்து அடுத்த வருஷமே கன்னடத்தில் ‘மனசு மல்லிகே’ என்று எடுத்தார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். ‘அலைகள் ஓய்வதில்லை’யில் பிள்ளைகள் ஜெயித்துப் போனார்கள். அதற்கு அப்புறம் வந்த பெரிய அதிர்ச்சிகளில் யாரோ ஒருவர் விலை கொடுத்தாக வேண்டியிருந்தது. பெரும்பாலும் ஏழைப் பையன், இல்லையென்றால் பெண். ‘காதல்’ அந்த அநியாயத்தைக் காட்டத்தான் எடுக்கப்பட்டது, சந்தேகமில்லை. ஆனால் எங்கள் ஏரியாவில் அதைப் பல அப்பாக்கள் எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். “பாத்தியா, ஓடிப்போனா இதான் கதி” என்று அந்தப் படத்தைக் காட்டியே மகளை மிரட்டியவர்களை நான் அறிவேன்.

2012இல் அதே பாலாஜி சக்திவேல் ‘வழக்கு எண் 18/9’ எடுத்தார். தேசிய விருதில் அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம். ஆசிட், போலீஸ் அராஜகம் என்று வெளியே தெரியும் அதிர்ச்சிகள் அதில் நிறைய. என்னை உலுக்கியது வேறு. வசதியான வீட்டுப் பள்ளிப் பையன் ஒருவன் கூடப் பழகும் பெண்ணைத் திருட்டுத்தனமாக மொபைலில் படமெடுக்கிறான். அதுவரை தமிழ்ப் பதின்பருவப் படங்களில் ஆபத்து வீட்டுப் பெரியவர்களிடமிருந்துதான் வரும். அருவாளோடு மாமா வருவார், பெல்ட்டோடு அப்பா வருவார். இதில் அந்த ஆபத்து முதன்முறையாகப் பையனின் சட்டைப் பாக்கெட்டுக்குள் இருந்தது. அந்தப் படம் வந்தபோது எங்கள் தெருவில் கேமரா போன் பாதிப் பேரிடம்தான் இருந்தது. இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் உண்டு.

இன்றைய காட்சிக்கு வருவோம். எல்ஜின் படம் ஓட்டுவதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. பிரிகேட் ரோடு ரெக்ஸ் 2018 கடைசி நாளோடு கதவடைத்தது. எம்ஜி ரோடு பிளாஸா மெட்ரோவுக்கு இடம் விட்டது. லிங்கராஜபுரத்துப் பிள்ளைகள் பானஸ்வாடி சாலையில் ஓரியன் மாலுக்குப் போகிறார்கள். அதுவும் சில படத்துக்கு. மற்றதெல்லாம் போன்தான். என் அக்கா மகளுக்குப் பதினேழு வயது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கிறாள். அதிர்ச்சியான காட்சி வந்தால் ஃபார்வர்டு செய்ய மாமா இல்லை. அவளே பின்னுக்குத் தள்ளி இன்னொரு தடவை பார்க்கிறாள், அந்தத் துண்டை மட்டும் தோழிக்கு அனுப்புகிறாள். “மாமா, இதெல்லாம் ஏற்கெனவே ரீல்ஸ்ல பாத்தாச்சு” என்கிறாள். பதறவேண்டியது படம் வருவதற்கு முன்னாலேயே பதறி முடிந்துவிடுகிறது.

‘பேட் கேர்ள்’ விஷயத்தில் நடந்தது அதுதான். வர்ஷா பரத்தின் முதல் படம், வெற்றிமாறன் தயாரிப்பு. 2025 ஜனவரியில் டீசர் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிராமண வீட்டுப் பெண் தன் ஆசைகளைச் சொல்கிறாள் என்பதற்கே ஊர் இரண்டாகியது. வழக்குப் போட்டு, டீசரை நீக்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிடும்வரை போனது. இதற்கு நடுவில் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் நெட்பேக் விருது வாங்கியது. செப்டம்பரில் படம் வந்தபோது சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் டிக்கெட் எடுத்துப் பார்த்தார்கள்?

நான் பார்த்தேன். அதில் அதிர்ச்சி என்று எனக்குப் பட்டது ஒன்றுதான்: அந்தப் பெண் தப்புச் செய்கிறாள், அடிபடுகிறாள், அழுகிறாள், மறுபடி தப்புச் செய்கிறாள், வளர்ந்து முப்பதைத் தொடுகிறாள். யாரும் அவளைக் கொல்லவில்லை, அவளுக்காக யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. 1981இல் சிலுவையைக் கழற்றிய மேரி அப்புறம் எப்படி வாழ்ந்தாள் என்று எந்தப் படமும் சொல்லவில்லை. அந்த மிச்சக் கதையைச் சொல்ல ஒரு பெண் இயக்குநர் வரவேண்டியிருந்தது.

2024இல் தணிக்கை விதிகளை மாற்றி, யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று மூன்று வயதாகப் பிரித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். தியேட்டர் வாசலில் வயது கேட்கலாம், போனிடம் யார் கேட்பது? டெக் காலத்து மாமாவின் விரலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது எதையும் மறைக்கவில்லை என்று மேலேயே சொன்னேன். ஆனால் அந்த மாமா அறையில் இருந்தார். படம் முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டே ஏதாவது திட்டுவார், பெரியம்மா பதில் சொல்வார், எங்களுக்கும் வாய் திறக்க ஒரு சந்து கிடைக்கும். இப்போது ஒவ்வொருவர் அதிர்ச்சியும் அவரவர் காதுக்குள்ளேயே முடிந்துபோகிறது.

வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘வழக்கு எண் 18/9’ஐப் போட்டுக் கூட உட்காருங்கள். கதையை முன்னாலேயே சொல்லாதீர்கள். முடிந்ததும் “பாத்தியா” என்று ஆரம்பிக்காமல், அவர்கள் பேசுகிறவரைக்கும் கொஞ்சம் பொறுங்கள்.