உஷார்! அப்பாவைக் கட்டிலிலேயே விட்டுவிடாதீர்கள்

செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் வயதான அப்பா அம்மாவை வீட்டில் வைத்திருக்கும் எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன். நாளைக்கே தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ அவர்களை அட்மிட் செய்ய வேண்டி வரலாம். காய்ச்சலும் சளியும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் நடந்து உள்ளே போனவர் வீல் சேரில் வெளியே வருவார். "வயசாயிடுச்சு, அதான்" என்று நாமும் சமாதானம் சொல்லிக்கொள்வோம். வயசு மட்டும் காரணமில்லை. அந்த ஒரு வாரமும் அவரைக் கட்டிலைவிட்டு இறக்காததும் காரணம்.

அமெரிக்காவில் நோய் எதுவும் இல்லாத, சராசரியாக 67 வயதானவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். 2007ல் வெளியான முடிவின்படி, கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நல்ல உடம்புக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலோடு அரை இட்லிகூட இறங்காமல் கிடப்பவருக்கு என்ன ஆகும்? இளவட்டமும் தப்பவில்லை. 1966ல் டல்லாஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் சோதித்தபோது, முப்பது வருட மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்கள் உடலின் உழைக்கும் திறனை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது.

வார்டில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எழுப்புவது சிரமம், விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். உடனே டயப்பர். அடுத்து யூரின் பேக். கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியையும் தூக்கிவிட்டாயிற்று. சாப்பாடு கட்டிலிலேயே, ஸ்பூனில் ஊட்டி. பார்க்க வரும் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் "எழுந்திரிக்காதீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாம் பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசம்தான் மூன்றாம் நாள் மலச்சிக்கலாகவும், சிறுநீர்த் தொற்றாகவும், முதுகின் அடியில் சிவந்து தோல் உரியும் புண்ணாகவும் வந்து நிற்கிறது.

இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. கெண்டைக்கால் அசையாமல் கிடந்தால் அங்கே ரத்தம் தேங்கி உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கும், வலிக்கும், தொட்டால் சூடாக இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே தைலத்தை எடுத்து நீவிவிட உட்கார்ந்துவிடுவார்கள். நீவவே நீவாதீர்கள்! உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். நர்ஸைக் கூப்பிட்டுக் காலைக் காட்டுங்கள், அவ்வளவுதான் நம் வேலை.

"படுக்கைதான் மருந்து" என்ற நம்பிக்கை நம் ஊர்க்காரர்களுக்கு ஆழமாக இறங்கியிருப்பதில் ஆச்சரியமில்லை. 1928ல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கியபோது அந்த நோயைக் கொல்லும் மருந்தே கிடையாது. காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் கதி. மருந்து வந்த பிறகு அந்த நம்பிக்கையை உரசிப் பார்த்ததும் சென்னைதான். சேத்துப்பட்டில் 1956ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஒரே மருந்தைக் கொடுத்து ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைச்சல், ஓய்வும் குறைச்சல். 1959ல் வெளியான முடிவில், குணமாவதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றிய ஆய்வு அது. நம் ஊரில் நடந்தும் நமக்கு உறைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே அட்மிட் ஆன அன்றைக்கே, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது வாய்விட்டுக் கேளுங்கள்: "இவரை எழுப்பி உட்காரவைக்கலாமா? நடக்கவிடலாமா? பிசியோவை அனுப்புவீர்களா? யூரின் பேக் இன்னும் தேவையா?" இடுப்பு, முதுகெலும்பு முறிவு, புதிதாக வந்த பக்கவாதம், மாரடைப்பு, ரொம்பக் குறைந்த பிரஷர் என்றால் டாக்டர் சொல்லும்வரை எழுப்பவே கூடாது. ஆக்ஸிஜன் குழாயை நாமாகக் கழற்றவும் கூடாது.

அனுமதி கிடைத்தால் முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்காரவையுங்கள். தலைசுற்றல் இல்லையென்றால் மட்டும் நிற்கட்டும். மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். ட்ரிப்ஸ் ஸ்டாண்டுக்குச் சக்கரம் இருக்கிறது. நர்ஸிடம் சொல்லிவிட்டு அதையும் தள்ளிக்கொண்டே, ஒருவர் கைத்தாங்கலாக, வராண்டா வரை போய்வரலாம். யூரின் பேக் இருந்தால் இடுப்புக்குக் கீழேயே பிடியுங்கள். படுத்திருக்கும் நேரத்திலும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து கண்ணாடி, காதுக் கருவி, பின்பக்கம் வார் வைத்த செருப்பு மூன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பாத்ரூம் ஸ்லிப்பர் ஈரத் தரையில் வழுக்கும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஆபத்து முடிந்ததென்று நினைக்காதீர்கள். ரத்தக்கட்டு அடுத்த சில வாரங்களிலும் வரலாம். வீட்டில் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். சமீபத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.