மரச்சாமான்களில் பழமைத் தோற்ற வெண்பூச்சு

பழமைத் தோற்ற வெண்பூச்சு என்பது மேசை, நாற்காலி, அலமாரி போன்ற மரச்சாமான்களுக்கு வெளிர் நிற வண்ணம் பூசி, பின்னர் சில இடங்களில் மட்டும் அதைத் தேய்த்தெடுத்து, பல ஆண்டுகள் புழங்கிய தோற்றத்தைத் தரும் அலங்கார முறையாகும்.

வரலாறு

இம்முறைக்கு முன்மாதிரியாக அமைந்தவற்றுள் ஒன்று சுவீடனின் குஸ்தாவியப் பாணி. மன்னர் மூன்றாம் குஸ்தாவின் ஆட்சிக்காலத்தில் (1771–1792) பிரெஞ்சுக் கலையின் தாக்கத்தால் இது வளர்ந்தது. பைன், பிர்ச்சு போன்ற உள்ளூர் மரங்களில் செய்த சாமான்களுக்கு வெள்ளை, சாம்பல், வெளிர்நீல வண்ணங்கள் பூசப்பட்டன. நீண்ட குளிர்காலத்தில் கிடைக்கும் குறைந்த வெளிச்சத்திலும் இவ்வண்ணங்கள் அறையைப் பளிச்செனக் காட்டின. காலப்போக்கில் அப்பூச்சு இயல்பாகத் தேய்ந்து மங்கியது. அந்தத் தேய்மானமே பின்னாளில் அழகாகக் கருதப்பட்டது. 1989இல் ரேச்சல் ஆஷ்வெல் அமெரிக்காவின் சாந்தா மோனிகா நகரில் தொடங்கிய 'ஷேபி சிக்' கடை இத்தோற்றத்தைப் பரவலாக்கியது. 1990இல் ஆனி சுலோன் அறிமுகப்படுத்திய 'சாக் பெயின்ட்' என்ற மங்கல் வண்ணம் வீட்டிலேயே இதைச் செய்வதை எளிதாக்கியது.

தேய்மானத்தின் இயல்பு

வண்ணம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. கைப்பிடியைச் சுற்றிய பகுதி, நாற்காலியின் கைகள், மேசை விளிம்பு, காலணி படும் கால்கள் ஆகியவை முதலில் தேய்கின்றன. பலகையின் நடுப்பகுதி பெரிதும் தப்பிவிடுகிறது; செதுக்கு வேலையின் பள்ளங்களில் அழுக்கு படிகிறது. ஆளி விதை எண்ணெய் கலந்த பழைய வெள்ளை வண்ணம் நாளடைவில் மஞ்சளிக்கும். ஆகவே தூய வெள்ளையைவிட, சிறிது மஞ்சள் காவி கலந்த வெள்ளையே இயல்பாகத் தோன்றும்.

செய்முறை

1. சாமானைத் துடைத்து, உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். மகோகனி, ஓக் போன்ற மரங்களின் சாயம் வெள்ளையில் கசிந்து கறையாகும். அவற்றுக்கு முதலில் அரக்குப் பூச்சு அடிக்க வேண்டும்.
2. பழுப்பு அல்லது அடர்சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு பூசி, நன்கு உலர விட வேண்டும்.
3. தேய வேண்டிய இடங்களில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும். மெழுகின் மேல் வண்ணம் பிடிக்காது.
4. வெளிர் வண்ணத்தை மெல்லிதாக இரு முறை பூச வேண்டும்.
5. உலர்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் தேய்த்தால், மெழுகு உள்ள இடங்களில் வண்ணம் உரிந்து அடிநிறம் தெரியும்.
6. நிறமற்ற மெழுகைப் பூசிய பின், பள்ளங்களில் சிறிது பழுப்பு மெழுகைத் தடவி, துணியால் மெருகேற்ற வேண்டும்.

பாதுகாப்பு

உண்மையிலேயே பழைய வண்ணம் உள்ள சாமானைத் தேய்ப்பது ஆபத்தானது. 20ஆம் நூற்றாண்டில் டைட்டானியம் டை ஆக்சைடு பரவும் வரை, வெள்ளை வண்ணத்தின் முக்கிய நிறமி ஈயச் சேர்மமாகவே இருந்தது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. இந்தியாவில் 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனவே வயது தெரியாத பூச்சை உலர்நிலையில் தேய்க்கவோ, சூடாக்கி உரிக்கவோ கூடாது. முதலில் ஈயச் சோதனை செய்வது நல்லது.

மேலும், நூறாண்டு பழைமையான சாமானில் உள்ள மூலப்பூச்சு அதன் வரலாற்றுச் சான்றாகும். அதன்மேல் வண்ணம் பூசினால் அச்சான்று மறைந்து, மதிப்பும் குறையும். ஆதலால் இம்முறை புதிய அல்லது சாதாரண மரச்சாமான்களுக்கே ஏற்றது.