காலங்கடந்த மகப்பேறும் குருபரம்பரை காட்டும் நெறியும்

கடல்மல்லைக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள திருவிடவெந்தை, திருமணம் தடைப்பட்டோர் நாடிவரும் திவ்யதேசம். காலவ மஹர்ஷியின் முந்நூற்றறுபது கன்னியரை நாளொன்றுக்கு ஒருவராக மணந்தருளிய நித்யகல்யாணப் பெருமாள் ஸந்நிதியில் மாலை பெற்று, அதனைச் சூடி வலம்வந்து, மணமான பின் தம்பதியாக மீண்டும் வந்து ஸேவிப்பது வழக்கம். படிப்பு, பணி, வீட்டுக்கடன் என்று பல காரணங்களால் திருமணமே முப்பது வயதைக் கடந்து நிகழும் இக்காலத்தில், அவ்வாறு வந்து ஸேவிப்போர் பலருக்கு அடுத்த வேண்டுதல் உடனே தொடங்கிவிடுகிறது. அது மகப்பேறு. திருமண வேண்டுதலுக்கு இல்லாத ஓர் இடர் இதற்கு உண்டு: இதில் காலம் காத்திருப்பதில்லை.

இத்தகையோர் உள்ளத்தில் எழும் ஐயங்கள் மூன்று. மகப்பேறின்மை ஒரு குற்றமா? பகவானையே உபாயமாகப் பற்றினவர் அவனிடம் பிள்ளை வேண்டலாமா? மருத்துவத்தை நாடுவது அவனிடம் வைத்த நம்பிக்கைக்குக் குறையாகுமா? இம்மூன்றுக்கும் விடைகாணப் பூர்வாசார்யர்களின் வைபவங்களே போதிய ஒளி தருகின்றன. அவற்றுட் பெரும்பகுதி முன்னாளைய செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள், தொண்டை நாட்டிலேயே நிகழ்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

முதியோர் பெற்ற மகன்

முதற்கண் கருதத்தக்கது திருமழிசைப்பிரான் வைபவம். பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிச்செய்த ஆறாயிரப்படி குருபரம்பரா ப்ரபாவம் முதலிய நூல்கள் இதனை விரித்துரைக்கின்றன. பார்க்கவ மஹர்ஷிக்குப் பிறந்த குழந்தை உறுப்பமையாத பிண்டமாக இருந்தமையால் பிரம்பந்தூற்றின் கீழ் விடப்பட்டது. எம்பெருமான் கடாக்ஷத்தால் அது உருப்பெற்று அழ, பிரம்பறுக்க வந்த திருவாளன் எடுத்துச் சென்றான். பிள்ளையில்லாத அவனும் அவன் மனைவி பங்கயச்செல்வியும் அதனைத் தம் மகவாகவே வளர்த்தனர். குழந்தையோ பாலுண்ண மறுத்தது. இச்செய்தி கேட்டு வந்த முதிய தம்பதியர் நாள்தோறும் பால் கொணர்ந்து ஸமர்ப்பிக்க, அதனை மட்டும் அக்குழந்தை ஏற்றது. ஒருநாள் தான் உண்ட சேஷத்தை அவர்களுக்கே அளித்தது. அதனைப் பருகிய இருவரும் மூப்பு நீங்கி இளமையெய்தினர். அவர்களுக்குப் பிறந்தவரே ஆழ்வாரின் அந்தரங்க சிஷ்யரான கணிகண்ணன்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்க வேண்டியவை சில உள. அம்முதியோர் பிள்ளைவரம் வேண்டி வந்தவரல்லர். பசித்த குழந்தைக்குப் பால் கொடுக்க வந்தவர்கள். பேறு கைங்கர்யத்தின் வழியே, வேண்டாமலே வந்தது. மேலும், அவர்களுக்குப் பிள்ளை கிடைப்பதற்கு முன்னரே பங்கயச்செல்வி தாயாகிவிட்டாள். வயிற்றிற் சுமவாத அவளை ஸம்ப்ரதாயம் ஆழ்வாரின் தாயாகவே கொண்டாடுகிறது. வளர்ப்பு மகவை ஏற்பதைக் கைவிடப்பட்டோர்க்குரிய கடைசி வழியாகக் கருதுவோர் இவ்விடத்தை மறுமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்கதைக்குக் காஞ்சியில் ஒரு மறுபாதி உண்டு. ஆழ்வார் எழுந்தருளியிருந்த இடத்தை நாள்தோறும் மெழுகித் தூய்மை செய்த கிழவி அவரருளால் இளமை பெற்றாள். அதனைக் கண்ட பல்லவ மன்னன் தனக்கும் இளமை வேண்டுமென்று கணிகண்ணனை வற்புறுத்தினான். அவர் இசையாமையால் நாடு கடத்தினான். ஆழ்வாரும் அவருடன் புறப்பட, திருவெஃகாவில் சயனித்திருந்த எம்பெருமானும் பைந்நாகப்பாயைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றான் என்பது வரலாறு. ஒரே பேறு தொண்டு செய்தாளுக்குக் கிட்டியது. ஆணையிட்டுக் கேட்டானுக்குக் கிட்டவில்லை. அருள் விலைக்கும் அதிகாரத்துக்கும் அகப்படாதது என்பதே இதன் தாத்பர்யம். ஆகவே கணிகண்ணன் பிறப்பை, முதுமையில் எவர்க்கும் மகப்பேறு உண்டு என்னும் உறுதிமொழியாகக் கொள்வது வைபவத்தின் கருத்துக்கே மாறாகும்.

வேண்டிப் பெற்ற மகன்

வேண்டுதலே கூடாதோ எனின், அவ்வாறும் இல்லை. ஸ்ரீராமாயணத்தில் தசரத சக்ரவர்த்தி நெடுங்காலம் மகவின்றி வருந்தி, அச்வமேதமும் ருச்யச்ருங்கரைக் கொண்டு புத்ரீயேஷ்டியும் செய்தான். விச்வாமித்ரரிடம் அவன் தன் வயது அறுபதினாயிரம் ஆண்டு என்றும், இம்மகனை மிகுந்த வருத்தத்துடன் பெற்றதாகவும் கூறுவதாக வால்மீகி அமைத்துள்ளார். ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாரும் காந்திமதி அம்மையாரும் திருவல்லிக்கேணியில் கைரவிணிக் கரையில் இஷ்டி செய்து பார்த்தஸாரதியை வேண்டினர். அவ்வேண்டுதலின் பயனாக 1017-இல் சித்திரைத் திருவாதிரையில் அவதரித்தவரே உடையவர்.

அவ்வாறு பிறந்த உடையவரே, கீதையின் ஏழாம் அத்யாயத்தில் பகவானை நாடும் நால்வகையினரைப் பற்றிய ச்லோகங்களுக்குப் பாஷ்யமிட்டார் என்பது நினைக்க நினைக்க இனிக்கும் பொருத்தம். இழந்ததை மீண்டும் பெற விரும்புவோன் ஆர்த்தன். முன்பு இல்லாததைப் பெற விரும்புவோன் அர்த்தார்த்தி. இவ்விருவரும் ஞானிக்குத் தாழ்ந்தவர்களே. ஆயினும் கீதை நால்வரையும் உதாரர் என்கிறது. பெறவந்தவனை வள்ளல் என்பது எப்படிப் பொருந்தும்? தன்னிடமிருந்து சிறிதளவேனும் பெற்றுக்கொள்வோர் தனக்கு அனைத்தையும் அளிப்பவராகிறார் என்று பகவான் கருதுவதாக பாஷ்யகாரர் விளக்குகிறார். கருவிழந்து கண்ணீருடன் ஸந்நிதியில் நிற்பவள் ஆர்த்தை. இதுவரை கருவே தங்காதவள் அர்த்தார்த்தி என்று இவ்விளக்கத்தை நீட்டிக் கொள்ளலாம். இருவரையும் இரவலராக அன்றி வள்ளலாகவே எம்பெருமான் காண்கிறான்.

இதற்கு மேற்பட்ட நிலையும் உண்டு. காஞ்சிக்கு அருகில் கூரத்தில் பெருஞ்செல்வராய் வாழ்ந்து, அனைத்தையும் துறந்து திருவரங்கம் சென்ற கூரத்தாழ்வான், மழையால் உஞ்சவிருத்தி இல்லாத ஒருநாள் பட்டினியாக இருந்தார். அரவணை அமுது செய்யும் மணியோசை கேட்ட தேவியார் ஆண்டாள், அடியவர் பசித்திருக்க அரங்கன் அமுது செய்வதை எண்ணி நெஞ்சுருகினாள். உடனே ப்ரஸாதம் இல்லந்தேடி வந்தது. மனைவியின் நினைவே காரணம் என அறிந்து, பகவானை இதற்காக நினைத்தாயே என ஆழ்வான் வருந்தினார். அந்த ப்ரஸாதத்தின் பயனாகப் பிறந்தவர்கள் பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும். உணவையும் வேண்டக் கூசிய இல்லத்துக்குப் பிள்ளைகள் வந்தனர். இவ்வநந்ய ப்ரயோஜனத்வம் ஏற்றமுடையது. ஆயினும் அது தாமே அடையவேண்டிய நிலை. பிறர் துயருறும்போது அவர்மேல் சுமத்தும் கட்டளையாக அதனை ஆக்குதல் தகாது.

மகப்பேறின்மை குற்றமன்று

ஸம்ப்ரதாயத்தில் வம்சம் என்பது குருதி வழி மட்டுமன்று. வித்யையின் வழியும் வம்சமே. துறவறமேற்ற உடையவர்க்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் ஞானபுத்ரர். பெரியாழ்வார் ஆண்டாளைத் துளசிச் செடியின் கீழ் கண்டெடுத்தார். கடல்மல்லையிலேயே ஐப்பசி அவிட்டத்தில் குருக்கத்தி மலரில் அவதரித்த பூதத்தாழ்வாருக்குத் தாய் வயிறே இல்லை. இத்தகைய மரபில் நின்று கொண்டு, மகவில்லாத பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்குவதும், விசேஷம் உண்டா என்று கூடும் இடமெல்லாம் வினவுவதும் பாகவத அபசாரத்தில் அடங்கும். குறை பெண்ணிடமே என்னும் எண்ணமோ உண்மைக்கும் மாறானது. கருத்தரியாமையில் ஏறத்தாழப் பாதியளவில் ஆணின் பக்கத்துக் காரணமும் உள்ளது என்பது மருத்துவர் கண்டது.

மருத்துவமும் பரந்யாஸமும்

எம்பெருமானே உபாயம் என்னும் அத்யவஸாயம் மோக்ஷத்தைப் பற்றியது. பசிக்கு உணவும் பிணிக்கு மருந்தும் கொள்வதை அது விலக்கவில்லை. சித்தும் அசித்தும் அவனுக்கு சரீரம் என்பது பாஷ்யகாரர் சித்தாந்தம். அங்ஙனமாயின் உடலின் இயற்கை முறையும் அவன் நியமித்ததே. அதனை அறிந்து நடப்பது அவனை மீறுவதாகாது.

அம்முறை யாதெனின்: ஒரு பெண் பிறக்கும்போதே ஏறத்தாழப் பத்து முதல் இருபது இலட்சம் கருமுட்டைகளுடன் பிறக்கிறாள். புதியன உண்டாவதில்லை. பூப்பெய்தும் காலத்தில் மூன்று நான்கு இலட்சமே எஞ்சும். முப்பதுகளின் தொடக்கத்திலிருந்து கருத்தரிக்கும் வாய்ப்பு மெல்லக் குறைந்து, 35-க்குப் பின் விரைவாகக் குறைகிறது. எண்ணிக்கையோடு தரமும் குன்றுவதால், முட்டையின் குரோமோசோம்களில் பிழை நேர்வது மிகுந்து கருச்சிதைவும் பெருகுகிறது. ஆணுக்கு இத்தகைய முடிவெல்லை இல்லையெனினும் வயது ஏற ஏற விந்தணுவின் தரமும் தாழ்கிறது.

ஆதலின் 35 வயதுக்குட்பட்ட பெண் ஓராண்டு முயன்றும் கருத்தரியாவிடின் மருத்துவரை நாடுதல் முறை. 35-ஐக் கடந்தவர் ஆறு மாதத்திலும், 40-ஐக் கடந்தவர் தாமதமின்றியும் நாட வேண்டும். பரிசோதனை இருவருக்கும் ஒருங்கே தொடங்க வேண்டும். ஆணுக்குரிய விந்துப் பரிசோதனை எளியது. அதனைத் தள்ளிப்போட்டுப் பெண்ணை மட்டும் ஆண்டுக்கணக்கில் சோதனைக்கு உட்படுத்துவது காலத்தையும் உள்ளத்தையும் ஒருசேர அழிப்பதாகும். 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசு மருத்துவமனை போன்றவற்றிலேயே முதற்கட்ட ஆலோசனையைத் தொடங்கலாம்.

சோதனைக்குழாய் முறை பலருக்குக் கைகொடுப்பினும், அது முட்டையின் வயதைத் திருப்புவதில்லை. நாற்பதுகளில் தன் முட்டையைக் கொண்டு செய்யும் சிகிச்சையின் வெற்றி விகிதம் குறைவே. பிறர் அளிக்கும் முட்டையைப் பயன்படுத்தும்போது வாய்ப்பு உயர்கிறது. ஆயினும் கர்ப்பகால நீரிழிவும் இரத்த அழுத்தமும் வயதோடு மிகும். 2021-ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் இச்சிகிச்சையைப் பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வயதுக்குள்ளும், ஆணுக்கு 21 முதல் 55 வயதுக்குள்ளும் என எல்லை வகுத்துள்ளது. மருத்துவமனை பதிவு பெற்றதா என அறிந்த பின்னரே பொருளைச் செலவிடுதல் வேண்டும்.

முயல்வது ஜீவனுக்கு உரியது. பலன் அவனிட்ட வழக்கு. முயலாமலிருப்பது சரணாகதியாகாது, முயற்சி பலிக்காதபோது தன்னையோ துணையையோ குற்றவாளியாக்குவதும் சரணாகதிக்கு ஒவ்வாது. எத்தனை முறை முயல்வது, எங்கு நிறுத்துவது என்பதைத் தம்பதியர் இருவரும் கலந்து முடிவு செய்தால் போதும். அதற்கு உறவினர் இசைவு வேண்டியதில்லை.

திருவிடவெந்தையில் மாலை வாங்கிய தம்பதியர் கடல்மல்லைக்கும் செல்வதுண்டு. அங்கே எம்பெருமான் ஆதிசேஷனையும் விட்டு வெறுந்தரையில் சயனித்திருக்கிறான். கடல்நீரை இறைத்து வழிகாண முயன்ற புண்டரீக மஹர்ஷியின் தாமரைகளை ஏற்க அவன் அவ்வாறு வந்தான் என்பர். கையால் இறைத்துத் தீராத கடல் அது. ஆயினும் இறைத்த கையை அவன் வறிதே விடவில்லை. மஹர்ஷி நாடியது பாற்கடலில் ஸேவை. கிடைத்தது கரையிலேயே ஸேவை. வேண்டிய வடிவில் வராத அருளும் அருளே என்று காட்டிக்கொண்டு ஸ்தலசயனப் பெருமாள் இன்றும் அங்கே கண்வளர்கிறான்.