ஐந்தாவது டயருக்குக் காற்று அடித்தீர்களா?

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும் முன் காரில் எதையெல்லாம் பார்க்கிறீர்கள்? பெட்ரோல் நிரப்புவீர்கள். டோல் கட்ட அட்டையில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். சிலர் கண்ணாடி துடைக்கும் தண்ணீரையும் பார்ப்பார்கள். ஆனால் எண்ணெய் நிலையத்தின் மூலையில் பணம் கேட்காமல் நிற்கும் காற்றுக் கருவியைப் பலர் கடந்து போய்விடுகிறோம். பெட்ரோலை மிச்சப்படுத்தும் வழியும், நடுவழியில் டயர் மாற்றும் நிலை வராமல் தடுக்கும் வழியும் அந்த ஒரே கருவியில்தான் தொடங்குகின்றன.

வீணாகும் பெட்ரோல் எங்கே போகிறது?

ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வேகமாக வளைத்துப் பாருங்கள். வளையும் இடம் சுடும். டயரிலும் இதுவே நடக்கிறது. சாலையைத் தொடும் பகுதி காரின் எடையால் நசுங்கி, விலகியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் இரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய காரின் டயர் விநாடிக்குச் சுமார் 16 முறை சுழலும். அத்தனை முறையும் இந்த நசுங்கல் நடக்கிறது.

காற்று குறைந்தால் டயர் கூடுதலாக நசுங்கும். அழுத்தம் 1 பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் சுமார் 0.2 விழுக்காடு குறையும் என்பது பொதுவான கணக்கு. நான்கு டயரிலும் 8 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் இழப்பு 1.6 விழுக்காடு. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றலாம். பணமாகப் பார்த்தால் சிறிய தொகைதான். ஆனால் அந்தப் பெட்ரோல் கொடுத்த ஆற்றல் டயரின் பக்கச் சுவருக்குள் வெப்பமாகச் சேர்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். முழுக் குடும்பம், பின்னால் மூட்டை முடிச்சு, நண்பகல் வெயில், நெடுஞ்சாலை வேகம் எல்லாம் ஒன்று சேரும்போது அந்த வெப்பமே டயரை வெடிக்க வைக்கக்கூடும்.

சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டியில் இருக்கும். பல கார்களில் முழுச் சுமைக்குத் தனி அளவு கொடுத்திருப்பார்கள். கருவி கிலோபாஸ்கலில் காட்டினால் குழம்ப வேண்டாம். 220 கிலோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ. வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில், டயர் சூடேறும் முன்பே பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதல் அழுத்தம் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

வேகமும் நியூட்ரலும்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். 90 கிலோமீட்டரில் போகும் கார் 110-க்கு ஏறினால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் சுமார் 200 கிலோமீட்டர். வழி முழுவதும் 110-இல் போனாலும் மிச்சமாவது 24 நிமிடம்தான்.

கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று சிலர் நம்புகிறார்கள். இன்றைய கார்களில், கியரில் இருக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் தேவை. அதோடு எஞ்சினின் தடையும் இல்லாமல் போவதால் முழுப் பாரமும் பிரேக் மீது விழுகிறது.

டயர் மாற்ற வேண்டி வந்தால்

முதல் கேள்வி, எங்கே மாற்றுவது என்பதுதான். 110-இல் வரும் வாகனம் விநாடிக்கு 30 மீட்டர் கடக்கும். உங்களுக்குப் பின்னால் 50 மீட்டரில் முக்கோண எச்சரிக்கைப் பலகை வைத்தாலும், அதைத் தாண்டி உங்களை அடைய இரண்டு விநாடிகூட ஆகாது. எனவே நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில், அதிலும் வாகனங்கள் பறக்கும் வலப்பக்க டயரை, நீங்களே மாற்ற முனையாதீர்கள். எல்லாரையும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு உதவிக்கு அழையுங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் 1800-88-0000.

பாதுகாப்பான, சமமான, கெட்டியான தரை கிடைத்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. கைபிரேக்கை இழுத்து, கியரை ‘பி’யில் வைத்து, மாற்றப்போகும் டயருக்கு எதிர்மூலையில் உள்ள டயருக்குக் கல் கொடுங்கள்.

2. காரைத் தூக்கும் முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பின் முயன்றால் டயரும் சேர்ந்து சுற்றும். சிறிய காரின் நட்டு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் இருக்கும். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அதைத் திறக்க 40 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். அரை மீட்டர் ஸ்பேனரில் 20 கிலோ போதும். நீளமான ஸ்பேனர் ஒன்று காரில் இருக்கட்டும்.

3. கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜேக்கை வைத்துத் தூக்குங்கள். காருக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

4. புதிய டயரை மாட்டி நட்டுகளைக் கையால் திருகுங்கள். காரை இறக்கிய பின், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். சில கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் சோதியுங்கள்.

யாரும் கேட்காத டயர்

காருக்குப் பின்னால் படுத்திருக்கும் ஸ்பேர் டயரும், ஓடாவிட்டாலும் மெல்ல மெல்லக் காற்றை இழக்கிறது. தேவைப்படும் நாளில் எடுத்துப் பார்த்தால் அதுவும் தட்டையாகக் கிடக்கும். ஒல்லியான தற்காலிக டயர் என்றால் அதன் அழுத்தம் பொதுவாக 420 கிலோபாஸ்கல், மற்ற டயர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதை மாட்டிக்கொண்டு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. புதிய கார்கள் சிலவற்றில் ஸ்பேர் டயரே இல்லை, ஓட்டை அடைக்கும் திரவமும் சிறு காற்றுப் பம்பும்தான் இருக்கும். உங்கள் காரில் எது இருக்கிறது என்று இன்றே திறந்து பாருங்கள்.

இந்நாட்டில் நம் தாத்தா பாட்டிகள் பலர் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள். அவர்கள் எடுத்த பால் உலகின் கார்களுக்கு டயரானது. அந்த டயருக்கு மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்குவது நமக்குப் பெரிய வேலையா என்ன? அடுத்த முறை காற்றுக் கருவியின் அருகே நிற்கும்போது நான்கோடு நிறுத்தாமல் ஐந்து வரை எண்ணுங்கள்.